பெயிண்ட் வாளியில் ஒரு பவழமல்லி

கல்யாணமான புதிதில் அடி அண்ணாமலையில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். வாசலில் ஒரு காலி பெயிண்ட் வாளியில் என் மனைவி பவழமல்லிக் குச்சி ஒன்றை ஊன்றினாள். அது பூக்க ஆரம்பித்ததும், பொழுது சாய்ந்தால் வாளியைச் சுற்றி என் வேட்டியை விரித்துவிடுவாள். விடியற்காலை உதிரும் பூவில் மண் ஒட்டக் கூடாதாம். பழைய வேட்டி, நல்ல வேட்டி என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. பூக்காம்பின் காவிச் சாயம் ஏறிய வேட்டியோடு கோயிலுக்குப் போய், அரைச் சாமியாராகத் திரும்பியிருக்கிறேன்.

மூன்று வாடகை வீடு மாறினோம். ஒவ்வொரு தடவையும் பீரோ, கட்டில் எல்லாம் வண்டியின் பின்னால். வாளி மட்டும் அவள் மடியில். "சொந்த வீடு கட்டினா மொதல்ல இத தரையில வைக்கணும்" என்பாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து வேங்கிக்காலில் கட்டினோம். குடிவந்த மூன்றாம் வாரம், தங்கை பிரசவத்துக்காக அவள் சென்னை போக வேண்டியதாயிற்று.

"தெனம் ஒரு சொம்பு தண்ணி. ஜாஸ்தி வேணாம். நான் வந்து நட்டுக்கறேன்."

பங்குனி பிறந்தது. இலை கொட்ட ஆரம்பித்தது. பயந்துபோய் இரண்டு சொம்பு ஊற்றினேன், அப்புறம் நாலு. பத்தே நாளில் வெறும் குச்சி. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கத முடிஞ்சிச்சி சார்" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

நம்பிவிட்டேன். பக்கத்துக் காலி மனையில் செங்கல் குப்பைமேல் செடியைக் கவிழ்த்துக் கொட்டினேன். நர்சரியில் அதே உயரத்தில், தளதளவென்று ஒரு பவழமல்லி வாங்கி அதே வாளியில் நட்டேன். இலைகளை ஈரத்துணியால் துடைத்தும் வைத்தேன்.

மறுநாள் வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது யாருங்க?"

"நம்ம செடிதான். நல்லா பாத்துக்கிட்டேன்ல?"

"நம்மளுது இந்நேரம் மொட்டையா இல்ல நிக்கும்? வருஷா வருஷம் வெயிலுக்குக் கொட்டிட்டு மழைக்குத் துளுக்குமே, பன்னெண்டு வருஷமா நீங்க பாத்ததே இல்லியா?"

உண்மையைச் சொன்னேன்.

"ஒங்க தலையும்தான் மொட்டையாச்சி. நான் தூக்கியா போட்டேன்?"

சிரிக்காமல்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே காலி மனைக்கு நடந்துவிட்டாள். குப்பையிலிருந்து செடியை எடுத்து நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். ஒரு கிளை, பழுப்பு. இன்னொன்று, அதுவும் பழுப்பு. அடித்தண்டில் மட்டும் கடுகளவு பச்சை.

அன்றைக்கே வீட்டின் கிழக்கு மூலையில் நட்டாள். குழி தோண்டியது நான். தண்ணீர் ஊற்றும் உரிமை மட்டும் பறிக்கப்பட்டது. சித்திரை போனது, வைகாசி, ஆனி போனது. குச்சி குச்சியாகவே நின்றது. அவள் தினமும் போய்ப் பார்ப்பாள். வந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆடியில் இரண்டு மழை பெய்த பிறகு ஒரு காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தவனைப் பாதி நுரையோடு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்த வருஷமாவது பாருங்க" என்று குச்சியின் அடித்தண்டைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்துவர உள்ளே ஓடினேன்.