ராசாங்கத்தின் வீட்டுக் கணக்கு

திருமானூர் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ராசாங்கம் நடத்திய கறிச்சோற்றுக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மேலே கீற்று, உள்ளே நாலு பெஞ்சு, பின்பக்கம் அவர் குடியிருக்கும் வீடு. சமையல் மனைவி பொன்னாயி, பரிமாறுவது ராசாங்கம். எதிரே உரக்கடை வைத்திருந்த நான் மதியம் அங்கேதான் சாப்பிடுவேன். என் மனைவியின் சமையலைக் குறை சொல்லவில்லை. சொல்லிவிட்டு வீட்டில் இருக்க முடியாது.

ராசாங்கத்திடம் ஒரு பழக்கம். யாராவது ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டால் அவருக்குக் கை நிற்காது. குழம்புச் சட்டியைத் துழாவி ஒரு நல்லி எலும்பை எடுத்துச் சாப்பிடுகிறவர் இலையில் வைப்பார். “இதுக்குக் காசு இல்லீங்க. இது எங்க வூட்டுக் கணக்கு” என்பார். முகம் தெரியாத லாரி டிரைவருக்கும் அதே நல்லி, அதே வசனம். இப்படி வியாபாரம் செய்தால் உருப்படுமா என்று திட்டுவேன். எனக்கும் ஒரு நல்லி வைத்து வாயை அடைத்துவிடுவார்.

அவருடைய ஒரே கவலை மகள் வெற்றிச்செல்வி. டீச்சர் டிரெயினிங் முடித்த பெண். வந்த வரன்களெல்லாம் ‘சோறு விக்கிற வூடா’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போயின. தின்கிறவன் உசத்தி, விற்கிறவன் மட்டமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றொன்பதில் கங்கைகொண்ட சோழபுரம் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ‘அரிசி சம்பந்தமான பிசினஸ்’ என்று தரகர் கொளஞ்சி அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். ராசாங்கத்திடம் வந்து, “ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு வராங்க. அன்னிக்கு மட்டும் கடையப் பூட்டிப் போடுங்க” என்றார். கறி விற்கிறவனிடம் ஞாயிற்றுக்கிழமை பூட்டச் சொன்னால் எப்படி? “ரெண்டு மணிக்கு மூடிடறேன்” என்று ராசாங்கம் பேரம் பேசினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு குடும்பம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குள் வந்தது. வெள்ளை வேட்டியில் பெரியவர், பட்டுச்சேலையில் அவர் மனைவி, கூட மகன். “போற எடத்துல கை நனைக்க முடியாது. நல்லாப் போடுங்க” என்றார் பெரியவர். பெண் பார்க்கப் போகும் வீட்டில், பேச்சு முடியும் முன்பு சாப்பிட மாட்டோம். கை நனைத்தால் சம்மதம் சொன்ன மாதிரி. அதனால் முதலிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ள வந்திருந்தார்கள். எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று ராசாங்கம் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவரிடம் அவர் வேறு பேச்சே பேச மாட்டார்.

பெரியவர் சாப்பிட்ட அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுபடி மறுபடி குழம்பு வாங்கினார். முழங்கை வரை வழிந்தது. ராசாங்கம் பொறுப்பாரா? மூன்று இலையிலும் நல்லி விழுந்தது. “இது எங்க வூட்டுக் கணக்குங்க.” பெரியவர் உறிஞ்சிய சத்தம் ரோட்டுக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்துக் கொளஞ்சி உள்ளே நுழைந்தார். “பிச்சமுத்தண்ணே! அதுக்குள்ள பொண்ணு வூட்டுக்கு வந்துட்டீங்களா?” என்று உளறிவிட்டார்.

பெரியவர் வாயிலிருந்த நல்லி இலையில் விழுந்தது.

பிச்சைமுத்து எழுந்து கை கழுவினார். சாப்பாட்டுக் காசை மேசையில் வைத்தார். “ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்” என்றார். அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ராசாங்கம் தோள் துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, “வேணும்னா கடையவே மூடிடறேங்க” என்றார்.

வெற்றிச்செல்வி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். “கெஞ்சாதீங்கப்பா. இந்தக் கடைச் சோத்துலதான் படிச்சேன். இத மறைச்சிட்டுப் போற வூட்டுல எனக்குச் சோறு எறங்காது.” பிறகு பிச்சைமுத்துவிடம், “நீங்க காசு குடுத்துட்டீங்க. கை நனைச்சதா ஆவாது. பயப்படாமப் போங்க” என்றாள்.

“நல்லிக்கு யாரு காசு குடுத்தா?” என்றார் பிச்சைமுத்துவின் மனைவி முத்தாயி. “ஏங்க, வூட்டுக் கணக்குன்னு சொல்லித்தானே வச்சாரு? உறியறப்ப எங்க போச்சு உங்க கௌரவம்?”

மகன் தமிழ்மாறன் எழுந்திருக்கவே இல்லை. வெற்றிச்செல்வியைப் பார்த்தபடி காலி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

பிச்சைமுத்து மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கழுவிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலேயே போய் உட்கார்ந்தார். “முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு? சம்பந்தி, கடைய மூடறேன்னு இனிமே சொல்லாதீங்க. குழம்பு ஊத்துங்க.”

ராசாங்கம் ஊற்றிய குழம்பில் பாதி இலையில், பாதி சம்பந்தியின் வேட்டியில். சட்டியில் ஒரே ஒரு நல்லி மிச்சமிருந்தது. நியாயப்படி அது எனக்கு வர வேண்டியது. அதை எடுத்துப் பிச்சைமுத்துவின் இலையில் வைத்தார். “இது எங்க வூட்டு...” என்று தொடங்கினார்.

“தெரியும் சம்பந்தி” என்றார் பிச்சைமுத்து. “நம்ம வூட்டுக் கணக்கு.”