விவியன் என்று அப்பா வைத்த பெயர்

அப்பா இல்லாத முதல் ஆண்டு இன்று நிறைவுறுகிறது. இந்த நினைவு மலருக்காக அவருடைய நேர்மையைப் பற்றிப் பலர் எழுதித் தந்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் அவரைச் சந்தேகித்தவன் நான். அதை எழுத வேண்டியவனும் நானே.

அப்பா மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். ஓய்வு பெறும்வரை தேயிலை ஆலையில் இலை வாட்டும் பகுதியில் உழைத்தார். குடியை அறியாதவர்; பேச்சும் குறைவு. ஒரே மகனாக வளர்ந்த எனக்கு விவியன் என்று பெயரிட்ட காரணத்தை அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை.

பள்ளியில் அந்தப் பெயரைக் கூப்பிடும் ஆசிரியர்கள் பெண்கள் வரிசையைப் பார்ப்பார்கள். வீட்டில் அம்மா, "அப்ப பிரிஞ்சாங் கிளினிக்ல ஒரு விவியன் இருந்தா. இவரு இருமல் மருந்துக்கு அடிக்கடி போவாரு," என்பார். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அந்த மௌனத்தையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அவருடைய பெட்டியைத் துழாவினேன். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்ற ஒரு விவியனோடு அவர் சிரித்துப் பேசியதைக் கண்டு விசாரித்தேன். அந்தப் பெண் என்னைவிடப் பத்து வயது இளையவர்.

சென்ற ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு காலை, கஞ்சி ஊட்டிக்கொண்டே அம்மா கேட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. யாரு அந்த விவியன்?"

"பொம்பள இல்ல லா. சர்ச்சு உபதேசியாரு சொன்ன பேரு. உயிரோட இருக்கிறவன்னு அர்த்தமாம். மொதப் பையன் பதினோரு நாள்ல போயிட்டான்ல? இவனாச்சும் தங்கணும்னு கேட்டு வாங்கினேன்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. எனக்கு ஓர் அண்ணன் பிறந்திருந்தான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றார் அம்மா.

"சொன்னா அவனப் பத்திப் பேசணும். நீ தாங்க மாட்ட."

அப்போதும் நான் நம்பவில்லை. கம்போங் ராஜா ஊருக்குப் போய், அங்கு வந்திருந்த குருவானவரிடம் கேட்டேன். பெயர் லத்தீனிலிருந்து வந்தது, பொருளும் அதுதான் என்றார். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் ஆண்களுக்கே வைத்தார்களாம். பெண்களிடம் பரவியது பிற்காலத்தில்தான். திரும்பி வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விசாரிச்சியா? நல்லது," என்றார். நான்காம் நாள் காலமானார்.

அந்நாட்களில் முறைவைத்து எங்களுக்குச் சமைத்துத் தந்த லயத்துக் குடும்பங்களுக்கும், கோலா தெர்லாவிலிருந்து லோரியில் நாற்காலிகள் கொண்டுவந்த நண்பர்களுக்கும், செபித்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

இம்மலர் அச்சுக்குப் போகுமுன் அம்மா ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "அப்பாவோட குறிப்புல பிள்ளைங்க ரெண்டு பேருன்னு போடு."

அப்படியே போட்டிருக்கிறோம்.