நூலா, மினியா, ஃபுல்லா
"மூஞ்சிய தூக்கணுமாம்க்கா" என்று சிதம்பரத்திலிருந்து தங்கை போனில் சொன்னபோது, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்றுதான் நினைத்தேன். "யாரு தூக்கி வச்சிக்கிட்டிருக்கா, நீயா அவரா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆபரேஷன் என்றாள். கல்யாணமான மறு வருஷமே வெளிநாடு போய், லீவில் மட்டும் தலைகாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை இப்போது ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். வந்தவருக்கு இவள் கன்னம் தொங்குவது கண்ணை உறுத்துகிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியாரைக் குளிப்பாட்டி, பிள்ளையைப் படிக்க வைத்து, தனியாளாக அந்தக் குடும்பத்தை நடத்தியவள் அவள். "நீ வராட்டி பயமா இருக்கும்க்கா" என்றதால் மட்டும்தான் போனேன். கடலூரில் என் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் புதுச்சேரியிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வருகிறார். அவரைப் பார்க்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். நூல் போட்டு இழுப்பது சுலபம், பெரிய வெட்டு கிடையாது, ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும். மினி என்றால் காதோரம் சின்ன வெட்டு. தாடைப் பக்கம் மட்டும் சரியாகும். ஃபுல் என்றால் நெற்றிப்பொட்டிலிருந்து காதைச் சுற்றிப் பின்னந்தலை முடி வரைக்கும் வெட்டு, கழுத்தும் சேரும். இன்னொன்று, தோலோடு நிறுத்தாமல் அடியில் இருக்கும் தசையையும் சேர்த்துத் தூக்குவது. அது நெடுநாள் நிற்கும், ஆனால் முகத்து நரம்புக்குக் கிட்டே கத்தி போகும்.

"எது சார் நாள் ஜாஸ்தி தாங்கும்?" என்றார் மாப்பிள்ளை.

வண்டிக்கு டயர் மாற்றுகிறவன்கூட வண்டியை ஒருமுறை தொட்டுப் பார்ப்பான். இவர் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நூலெல்லாம் வேணாம் சார். செய்றதுதான் செய்றோம், ஃபுல்லாவே பண்ணிடலாம்" என்றார். செய்றோமாம்! யார் காதைச் சுற்றி யார் வெட்டச் சொல்வது? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன், தங்கை குடும்பமாயிற்றே என்று. இந்த 'ஆயிற்றே'தான் எங்கள் வீட்டுப் பெண்களின் வாயை இத்தனை காலமும் தைத்து வைத்திருக்கிறது.

டாக்டர் அவள் கையில் கண்ணாடியைக் கொடுத்து, இரண்டு கன்னத்தையும் விரல்களால் காதுப் பக்கம் ஏற்றிப் பிடித்தார். "ஏறக்குறைய இப்படி வரும்மா" என்றார்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "பாருங்கக்கா, நான் மொதமொதல்ல வெளிநாடு போனப்ப இருந்த மாதிரியே இருக்கு!" என்றார் என்னிடம், அதுவும் சந்தோஷமாக. ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று இருந்தது.

தங்கை கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு டாக்டரின் கையை மெதுவாக விலக்கினாள். கன்னம் அதன் இடத்துக்கு இறங்கி வந்தது. அந்த முகத்தோடுதான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கூடவே இருந்து பாத்திருந்தா, ஒங்களுக்கு இது பழகியிருக்கும்."