மூடக்கூடாத பக்கம்

பெருமாநல்லூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் ரோஸ்மேரிக்குப் பாதி உலகம் மறந்துவிடும். வெளியே காயப்போட்ட வெள்ளைப் பனியன் துணி காற்றில் எழும்பி எழும்பி அடங்கும். அதற்குள் யாரோ மெதுவாக நடந்து போவது போலிருக்கும். கணக்கை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வரின் ஞாபகமும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொள்வாள்.

அவளுடையது தூத்துக்குடிப் பக்கமிருந்து இங்கே பனியன் வேலைக்கு வந்த குடும்பம். பகலில் தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை, மாலையில் ஜாவா வகுப்பு என்று ஓடி, 2006-இல் அவிநாசியில் குமாரசாமி நடத்திய சின்ன சாப்ட்வேர் ஆபீசில் சேர்ந்தாள். எந்தப் பெட்டியில் என்ன கலர், என்ன சைஸ் பனியன் என்று பிரவுசரில் பதியும் புரோகிராம்தான் அவள் எழுதிய முதல் புரோகிராம். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி அதை வாங்கியது.

அங்கே அந்தப் புரோகிராம் அடிக்கடி பாதி வேலையில், டைப் செய்த எல்லாவற்றையும் மறந்துபோனது.

ஒருவர் தன் பேரைக் கொடுத்து புரோகிராமுக்குள் வந்ததும் சர்வர் அவருக்கு ஒரு செஷன் திறக்கும். கோயில் வாசலில் செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கிற மாதிரி. டோக்கன் பிரவுசரிடம் இருக்கும், எழுதிய கணக்கு சர்வரிடம் இருக்கும். இங்கே டோக்கன் செல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா ஜாவாவை விட்டுரும்மா. வந்து பில் டைப் பண்ணு" என்று குமாரசாமி சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செஷன் சீக்கிரம் காலாவதியாகிறதோ என்று நேரத்தைக் கூட்டிவைத்தாள். கரண்ட் போய் சர்வர் நின்று எழுந்ததோ என்று சர்வரின் பதிவேடான லாகைப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. அவிநாசியில் தன் மேஜையில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூடத் தொலையவில்லை. வேறு வழி தெரியாமல் கம்பெனிக்கே போய் பேக்கிங் ஆபீசில் உட்கார்ந்துகொண்டாள்.

பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் ரத்தினசாமி அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏங்கண்ணு, உன்ற கம்ப்யூட்டருக்குச் சோறே போடறதில்லையா? என்ற பெட்டிக் கணக்கைப் பூராம் முழுங்கிப்போடுதே!"

"இன்னைக்கு என்னன்னு பாத்துருதேன் சார்."

அவர் கொஞ்சம் டைப் செய்துவிட்டு, டீ குடிக்க எழுந்து போனார். நிட்டிங் மெஷின்களின் ஒரே சீரான ஓசையில் ரோஸ்மேரிக்குக் கண் சொக்கியது. அரைக்கண்ணில், பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் போடும் நிர்மலா அதே நாற்காலியில் வந்து உட்காருவது தெரிந்தது. ரத்தினசாமியின் பக்கத்தை அவள் தொடவில்லை. கீபோர்டில் கண்ட்ரோலையும் N எழுத்தையும் சேர்த்து அமுக்கி, பக்கத்தில் இன்னொரு பிரவுசர் ஜன்னலைத் திறந்து தன் பேரில் உள்ளே போனாள். வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்துவிட்டு எழுந்தாள்.

ரோஸ்மேரிக்குத் தூக்கம் போய்விட்டது.

"நிர்மலா, ஏன் அவரோட ஜன்னலை மூடிட்டு உன் வேலையைச் செய்யல?"

"அதெப்படீங்கக்கா? பெரியவரு பாதில வெச்சுட்டுப் போயிருக்காரு. நாம்பாட்டுக்கு மூடிப்போட்டா மருவாதிங்களா?"

"அப்ப லாக்-அவுட்?"

"நீங்கதானுங்களே வேலை முடிஞ்சா லாக்-அவுட் பண்ணோணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க!"

ரோஸ்மேரி வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு ஜன்னலிலிருந்து பிறந்த ஜன்னலுக்கும் அதே டோக்கன்தான். நிர்மலா லாக்-அவுட் செய்து அதைத் திருப்பிக் கொடுக்கும்போது ரத்தினசாமியின் கணக்கும் சேர்ந்தே போயிருக்கிறது. அவிநாசியில் அவள் ஒருத்தியே உட்கார்ந்திருந்தாள். மரியாதை காட்ட அங்கே யாருமில்லை.

டீ குடித்துத் திரும்பிய ரத்தினசாமி, அழிந்ததை முதலிலிருந்து டைப் செய்தார். ரோஸ்மேரி அங்கேயே உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினாள். இனிமேல் பாதிக் கணக்கும் செஷனோடு போகாமல் ஆர்டர் நம்பரோடு டேட்டாபேஸில் ஏறிவிடும். புது ஜன்னல் வேண்டுமென்றால் டெஸ்க்டாப் ஐகானிலிருந்து தனியாகத் திறக்கும்படி நிர்மலாவுக்குச் செய்து காட்டினாள்.

சாயங்கால டீக்கு ரத்தினசாமி போனார். நிர்மலா வந்தாள், லாக்-அவுட் செய்தாள், போனாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்த பெட்டியை டைப் செய்தார், அதற்கடுத்த பெட்டியையும். பழைய கணக்கு தொலையாமல் இருந்ததை அவர் கவனிக்கவேயில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வெளியே வந்து குமாரசாமிக்குப் போன் செய்தாள். "சார், பில் டைப் பண்ண வேற ஆளைப் பாருங்க."

"அப்ப நாளைக்கு நெருப்பெரிச்சல்ல இருக்கற பனியன் கம்பெனிக்குப் போயிரும்மா. அங்கயும் ஏதோ காணாமப் போகுதாம்" என்றார்.

என்ன காணாமல் போகிறது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.