முந்நூற்றுப் பன்னிரண்டு அப்பன்கள்

பொழிச்சலூர் திரிபுரசுந்தரிக்கு நாற்பத்தாறு வயதில் ஒரு வேலை கிடைத்தது. அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர்களுக்கு எந்தக் காலத்தில் யார் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று பார்க்கிற வேலை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து அதைத்தான் செய்தாள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று தேர்தல் நன்கொடையின் வரலாற்றை எழுதுகிறதாம். நாற்பது வருஷத்துப் பழைய பட்டியல்களைப் படமெடுத்து அனுப்பும். ஒரே ஆள் நாலு இடத்தில் வந்திருந்தால் இவள் சேர்த்து ஒன்றாக்க வேண்டும்.

மூன்று மாதத் தற்காலிக வேலை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கணவர் தசரதன் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு கால் டாக்ஸி ஓட்டுவதை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. இந்தச் சம்பளம் நின்றால் வாடகை கொடுக்க வழியில்லை.

இவளை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆறு வருஷம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீடு வீடாக அலைந்தவள். கீழ்க்கட்டளையில் ஒரே தெருவில் ஏழு செல்வராஜ் இருந்தாலும் அப்பா பெயரை வைத்துப் பிரித்துவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் முதல் நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் முழி பிதுங்கிவிட்டது.

"இன்னாக்கா தேடறீங்க?" என்றான் டீம் லீடர் பென்னி. பம்மல்காரன், முப்பது வயது.

"அப்பா பேரு எந்தக் கட்டத்துல இருக்கு தம்பி?"

"அங்க அப்பா பேரெல்லாம் போட மாட்டாங்கக்கா. பேரு, அட்ரஸு, தொழில். அவ்ளோதான்."

அப்பா பெயர் இல்லாமல் ஒரு ஊரே எப்படி ஓட்டுப் போடுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த குழப்பம் கூட்டணிக் கட்டம். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் அவர் எந்தக் கூட்டணியைச் சேர்ந்தவர் என்று குறிக்க வேண்டும். இருப்பதோ இரண்டே இரண்டு பெரிய கட்சி. எதிரெதிராக நிற்கிற இரண்டு கட்சியில் கூட்டணி எங்கிருந்து வரும்?

"கட்சி கூட்டணி இல்லக்கா. விவசாயிங்க, மில்லுல வேலை செய்றவங்க, சர்ச்சுக்காரங்க, இவங்கெல்லாம் சேர்ந்து ஒரே ஆளுக்கு ஓட்டுப் போடுவாங்க. அதுதான் கூட்டணி."

"சரி. விவசாயிங்களுக்கு எத்தனை சீட்டு?"

"சீட்டெல்லாம் தர மாட்டாங்கக்கா."

"சீட்டும் தராம, பணத்தையும் வாங்கிக்கிட்டா எதுக்குக் கூட சேர்றாங்க?"

பென்னி எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். அவள் பாவம், தொழிலைப் பார்த்து உத்தேசமாகக் குறித்துக்கொண்டே போனாள். ஒரு வியாபாரி இரண்டு கட்சிக்கும் கொடுத்திருந்தது மட்டும் அவளுக்குச் சட்டென்று புரிந்தது. பல்லாவரத்துக் கடைக்காரர்கள் செய்யாததையா அவன் செய்துவிட்டான்.

தட்டுத் தடுமாறி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே பெயர், ஒரே வீட்டு எண் என்றால் ஒரே ஆள். ஒரு வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்க முடியுமா? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அப்பன் பெயரையே பிள்ளைக்கு எந்த மடையன் வைப்பான்? பென்னியிடமும் கேட்டாள். யேசுதாசன் மகன் பென்னிக்கும் அது நியாயமாகவே பட்டது, ஓகே போட்டுவிட்டான். அவள் மளமளவென்று சேர்த்துத் தள்ளினாள். அந்த வாரம் அவள்தான் முதலிடம்.

பத்தாம் வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு வேட்பாளருக்கு ஓர் ஆள் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். சுந்தரியின் பட்டியல்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சட்டத்தை மீறியிருந்தார்கள். உண்மையில் ஒருவரும் மீறவில்லை. அப்பன் ஆயிரம், பிள்ளை ஆயிரம். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். பிள்ளை பெயருக்குப் பின்னால் ஜூனியர் என்று இருந்த சின்னக் குறியைப் படமெடுத்த மெஷின் விழுங்கியிருந்தது.

"அப்பா பேரையே பிள்ளைக்கு வச்சிருக்காங்கக்கா. ஒண்ணு ரெண்டு இல்ல, முந்நூத்திப் பன்னெண்டு வூட்ல." பென்னியின் முகம் செத்துப்போயிருந்தது.

சுந்தரிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "போன் வந்தா யாரைக் கூப்பிடறாங்கன்னு எப்படித் தம்பி தெரியும்?"

பத்து நாள் கெடு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்கவில்லை. ஓய்வு பெற்றவர் என்றிருந்தால் அப்பன், மாணவர் என்றிருந்தால் பிள்ளை. இரண்டு பேரும் வக்கீல் என்றால் படத்தைப் பெரிதாக்கி அந்தக் குறியின் மிச்சத்தைத் தேடினாள். கண் எரிந்தது. அப்பன்களைத் திட்டிக்கொண்டே ஒவ்வொருவராகப் பிரித்து, கடைசி நாள் மதியம் முடித்தாள். பிழை ஒன்றுகூட இல்லை என்று பதில் வந்தது.

மறுநாள் நிரந்தரமானவர்கள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பத்தொன்பது பெயர். மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். திரிபுரசுந்தரி இல்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போய்விட்டாள். கணவரிடம் என்ன சொல்வது என்பதுதான் மனசில் ஓடியது. பென்னி பின்னாலேயே ஓடி வந்தான்.

"அக்கா, எங்க போறீங்க? பதினாலாவது பேரு நீங்கதான்."

பதினாலாவது பெயர் தசரதன். வேறு யாரோ என்று தாண்டிப் போயிருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று படிவம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கேது குடும்பப் பெயர்? கணவர் பெயரை எழுதிவைத்தாள். கம்பெனி அதையே அவள் பெயராகப் பிடித்துக்கொண்டது.

"அப்ப வேலை அவருக்கா எனக்கா?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

உள்ளே கூட்டிப் போனான். ஆளெடுக்கும் பிரிவின் சுப்ரஜா ஒப்பந்தத்தை நீட்டினாள். "பேரை மாத்தணும்னா எழுதிக் கொடுங்க மேடம். ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் சம்பளம் ஹோல்டுல இருக்கும்."

"மாத்தலைன்னா?"

"இப்பவே சைன் பண்ணலாம். ஆனா சைனும் இந்தப் பேர்லதான் இருக்கணும்."

வாடகை ஐந்தாம் தேதி. சுந்தரி பேனாவை வாங்கிக்கொண்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் ஒரே பெயருக்குள் கிடந்த இரண்டு பேரைப் பிரித்துக் கொடுத்த கையால், தசரதன் என்று நிதானமாக எழுதினாள்.