பத்மாக்காவின் நிறமும் என் ஃப்ளாஷும்

போன வாரம் திருப்பதி வீட்டில் பீரோவின் மேல்தட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது பழைய கேமரா பை அகப்பட்டது. ஜிப்பை இழுத்ததும் புளிப்பும் துருவும் கலந்த ஒரு வாசனை. உள்ளே என் ஃப்ளாஷ். நாலு பேட்டரியும் ஒழுகி, வெள்ளையாகப் பூத்து, மூடியைத் திறக்கவே விடவில்லை. குப்பையில் போடத்தான் எடுத்தேன். எடுத்தவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பீரோ இன்னும் அப்படியே கிடக்கிறது.

அப்போது எனக்குச் சித்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. கேமரா வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேமராவிலேயே குட்டியாக ஒரு ஃப்ளாஷ் எழுந்து நிற்குமே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும்தான். ஆனால் மேலே தனியாக ஒன்றை மாட்டினால் கேமராவுக்குத் தலைப்பாகை கட்டியது போல ஒரு கம்பீரம் வரும். அந்தக் கம்பீரத்துக்காகத்தான் வாங்கினேன். மற்றபடி வெளிச்சத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அதில் முதலில் மாட்டிக்கொண்டவர் நைனா, என் அப்பா. ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போவேன்; பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அவர் எதிரில் நின்று தட்டுவேன். நூறு படமாவது எடுத்திருப்பேன். நூறிலும் நைனா கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் இருந்தார்.

"நைனா, கண்ண தொறந்துகினு இரு."

"தொறந்துகினுதாம்மா கீறேன். உன் மிஷினுதான் மூட வெக்குது."

அவர் சொன்னதுதான் சரி. அந்த ஃப்ளாஷ் வெளிச்சத்தை அளந்து பார்க்க முதலில் லேசாக ஒரு மின்னல் விடும். அப்புறம்தான் நிஜமான மின்னல். நைனா முதலாவதற்குக் கண்ணை மூடி, இரண்டாவதில் அகப்பட்டுக்கொள்வார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் நான் வெறுங்கையோடு எதிரில் வந்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பத்மாக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரியப்பா மகள். நல்ல கறுப்பு. சிரித்தால் முகம் முழுக்கப் பளபளக்கும். ஆனால் வரன் பார்க்க எடுத்த படத்தில் ஸ்டூடியோக்காரர் ஃப்ளாஷை முகத்துக்கு நேராக அடித்து, போதாததற்குக் கம்ப்யூட்டரிலும் வெளுத்து, அவளைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கியிருந்தார். அந்தப் படம்தான் பலமனேருக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் தெலுங்குக்காரர்கள். பெண் பார்க்க வந்த அன்று அக்கா காப்பித் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு, அவளையே பார்த்து, "பெள்ளி கூத்துரு ஏதி?" என்றார். கல்யாணப்பெண் எங்கே என்று கல்யாணப்பெண்ணிடமே கேட்டால் என்ன சொல்வாள்? மாப்பிள்ளை நல்ல மனுஷர், "ஈமேனம்மா", இவள்தான் அம்மா, என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு, சமையலறைக்கு வந்து அழுதாள்.

"கல்யாண போட்டோலயாவது நான் நானா இருக்கணும்டி. நீ எடுக்கிறியா?" என்றாள்.

எடுக்கிறேன் என்றேன். தைரியத்துக்குக் காரணம் இருந்தது. ஃப்ளாஷின் தலையை முகத்துக்கு நேராக வைக்காமல் மேலே திருப்பினால், வெளிச்சம் கூரையில் பட்டு மெதுவாக இறங்கும் என்று ஒரு வீடியோவில் கற்றிருந்தேன். நகரி வீட்டின் வெள்ளைக் கூரைக்குக் கீழே நைனாகூடப் படத்தில் அழகாகத்தான் விழுந்தார், கண்ணை மூடியபடி.

கல்யாணம் நாராயணவனத்தில், கோயிலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, காலை ஆறு மணி முகூர்த்தம். கம்பீரமாகப் போய் நின்றேன். ஃப்ளாஷை மேலே திருப்பினேன். தட்டினேன். திரையைப் பார்த்தால் அக்கா பச்சையாக இருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன்: பந்தலுக்கு மேலே கட்டியிருந்தது நல்ல கிளிப்பச்சைத் துணி. அவசரமாக நேரே திருப்பி அடித்தேன். அதே சுண்ணாம்புச் சுவர். எனக்கு வியர்த்து ஊற்றியது.

அவர்கள் வழக்கப்படி பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடிப்பார்கள். சீரகமும் வெல்லமும் அரைத்த விழுதை ஒருவர் தலையில் ஒருவர் வைத்ததும், அதே நிமிஷத்தில் துணியை இறக்க வேண்டும், அதுதான் முகூர்த்தம். இரண்டு மாமாக்கள் துணியைப் பிடித்து நின்றார்கள். பதற்றத்தில் என் கை பட்டு ஃப்ளாஷின் தலை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அது தெரியாமலேயே தட்டினேன். வெளிச்சம் துணியில் போய்ப் பட்டு, திரும்பி, அக்காவின் முகத்தில் இறங்கியது. திரையில் பத்மாக்கா. பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. எங்கள் பத்மாக்கா. ஆனால் கண்ணைத்தான் பாதி மூடியிருந்தாள். நைனாவின் அண்ணன் மகளாயிற்றே.

அதற்குள் இருவரும் விழுதை வைத்துவிட்டார்கள். மாமாக்கள் துணியைத் தளர்த்தினார்கள்.

"மாமா, துணிய எறக்காதீங்க!" என்று கத்தினேன்.

பாவம், இரண்டு பேரும் பயந்து இன்னும் உயர்த்திப் பிடித்தார்கள். என் ஃப்ளாஷோ ஒரு படம் எடுத்தால் அடுத்ததற்குச் சிவப்பு விளக்கு எரியும்வரை காக்கவைக்கும். புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "முகூர்த்தம் போயிகினு கீது, துணிய எடுங்கய்யா!" என்றார். துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார், "பெள்ளி எவரிக்கம்மா? நீ கேமராக்கா?" என்று கேட்டார். கல்யாணம் யாருக்கு, உன் கேமராவுக்கா என்று அர்த்தம். துணிக்கு மேலே மாப்பிள்ளையின் கை மட்டும் தெரிந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அக்காவின் தலையிலேயே இருந்தது.

அக்கா அசையவில்லை. நெற்றியில் வெல்லம் வழிய, உதட்டை மட்டும் அசைத்து, "நீ எடுடி" என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டினேன். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

துணி இறங்கியது. இருவரும் கணவன் மனைவியாக முதல்முறை முகம் பார்த்துக்கொண்ட அந்த நிமிஷத்தையும் எடுத்தேன். ஃப்ளாஷ் எரியவில்லை. அந்தப் படத்தில் மாப்பிள்ளை வெறும் நிழல். மாமியார் அதை இன்னும் மன்னிக்கவில்லை. அக்காவின் படம் பெரிதாகி, கண்ணாடி போட்டு, பலமனேர் வீட்டுக் கூடத்தில் ஏறியது.

இப்போது அந்தப் பாடெல்லாம் யாருக்கும் இல்லை. போனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. கேட்காமலேயே பருவை அழிக்கிறது, தோலை வெளுக்கிறது. நானும் போனில்தான் எடுக்கிறேன். பத்மாக்காவின் மகளுக்கு ஏழு வயது. அம்மாவின் நிறம் அப்படியே. போன மாதம் போயிருந்தபோது நாற்காலியைப் போட்டு ஏறி, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நான் எப்போ பொடவ கட்டிகினேன்?" என்றாள்.

"அது நீ இல்லடி, உங்க அம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுடைய படம் ஒன்றைக் காட்டலாம் என்று என் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிறந்த நாளிலிருந்து எடுத்தவை நூற்றுக்கணக்கில் இருந்தன. அவள் நிறத்தில் ஒன்றுகூட இல்லை.