எட்டாவது பாட்டு

என் மகன் பாடிய குழுவின் கடைசி ஆல்பத்தில் எட்டுப் பாட்டுகள். ஏழில் அவன் குரல் இருக்கிறது. எட்டாவதில் இல்லை. அதற்குக் காரணம் நான்.

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவன் நான். வாரம் முழுவதும் பாடகர்கள் தங்கள் பகுதியைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், கேட்டுத் திருத்துவேன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அழித்துவிடுவேன். மகனும் தன் குழுவின் பாட்டுகளைப் பாடி அனுப்புவான். ட்ரம்பெட்டும் டிரம்ஸும் தலைதெறிக்க ஓடும் ஸ்கா-பங்க் இசை அவனுடையது. எனக்கு அது இரைச்சல். “சுருதி சரியா பாருங்கப்பா” என்று எழுதியிருப்பான். இரண்டு விநாடி ஓடவிட்டு நிறுத்திவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதுவும் மற்றவற்றோடு போகும்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் அவன் இறந்த மூன்றாம் வாரம், குழுவில் ட்ரம்பெட் வாசிக்கும் பெண் சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“அங்கிள், கடைசிப் பாட்டு மட்டும் ஸ்டூடியோல பாடல. அவன் போனும் நொறுங்கிடுச்சு. ஆனா உங்களுக்கு ஃபுல்லா பாடி அனுப்பிட்டேன்னு சொன்னான்.”

“எனக்கா?”

“உங்களுக்குத்தான் முதல்ல. எங்கப்பா சுருதி போலீஸ், அவர் ஓகே சொன்னாதான் ரெக்கார்டிங்னு எங்க உயிர வாங்குவான்.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “ஒரு தடவ தேடிப் பாருங்க லா.”

தேடுவதுபோல் திரையைத் தடவினேன்.

“போன் மாத்தினப்போ எல்லாம் போயிடுச்சும்மா.”

பொய். கையில் இருந்தது அதே பழைய போன்தான். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஆல்பம் வெளியான மாலை, தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எட்டாவது பாட்டில் குரல் வர வேண்டிய இடத்தில் அவள் ட்ரம்பெட்டை இறக்கிவிட்டு நின்றாள். டிரம்ஸ் மட்டும் ஓடியது. ஆல்பத்தின் உறையில், அந்தப் பாட்டின் கீழே ஒரு வரி: இதை அவன் குரலில் கேட்ட ஒரே மனிதரான அப்பாவுக்கு.

முடிந்ததும் அவள் வந்தாள். “எப்படிப் பாடியிருந்தான், அங்கிள்?”

“சுருதி சரியா இருந்துச்சும்மா,” என்றேன்.

அவள் அழுதாள். நானும் அழுதேன், இருவரும் ஒரே காரணத்துக்காக அழுகிறோம் என்று அவள் நினைத்திருப்பாள்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன்.